அத்தையின் மூங்கிலும் அப்பாவின் அரிப்பும்

மூட்டுவலித் தைலத்தையும் படிக்கிற கண்ணாடியையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு, இரண்டில் எதையாவது ஒன்றை எப்போதும் தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இளையவர்கள் படிக்கத் தடையில்லை. ஆனால் நம்ப மாட்டார்கள். நான் அந்த வயதில் எல்லாவற்றையும் நம்பினேன், இப்போது எதையும் நம்புவதில்லை. நடுவில் எங்கோ சரியான அளவு ஒன்று இருந்திருக்க வேண்டும். பஸ் நிற்காமல் போய்விட்டது.

போன மாதம் தஞ்சாவூரில் என் வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்க ஒருவர் வந்தார். தரை ஓரமெல்லாம் துளை போட்டு மருந்தை ஊற்றினார். சுவர் அலமாரியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வராந்தாவில் கிடந்த மூங்கில் சோபாவைக் கண்டதும் மட்டும் முகம் மலர்ந்தது.

“இதைப் பத்திக் கவலையே படாதீங்க மேடம். மூங்கிலைக் கரையான் தொடாது. இயற்கையாவே அதுக்கு ஒரு சக்தி இருக்கு.”

“யார் சொன்னா?”

“எல்லாரும் சொல்றதுதான் மேடம்.”

எல்லாரும் சொல்வது என்று யாராவது ஆரம்பித்தால் நான் உடனே கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிற ரகம். அவர் தெருமுனை திரும்பியதும் சோபாவைக் கவிழ்த்துப் போட்டேன். டார்ச் அடித்து ஒவ்வொரு காலையும் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். காப்பித் தம்ளரோடு வந்து நின்ற என் கணவர், “அப்படியே உங்கப்பா” என்றார். அவர் இதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

திருவாரூருக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், கொஞ்சம் நஞ்சை. சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமல்ல, விரதம். பால்காரர் வந்து போனதும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தால் உறையின் ஒட்டுவாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வீட்டில் சர்க்கரை டப்பா, பழைய பேப்பர் கட்டு, விதைநெல் மூட்டை எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி வைப்பார். அதற்கென்றே ஒரு முடிச்சு வைத்திருந்தார். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்தை உள்ளே மடித்துச் சொருகி, நுனியை இடப்பக்கம் நீட்டி விடுவார். யாராவது அவிழ்த்து மறுபடி கட்டினால் நுனி வலப்பக்கம் வந்துவிடும். அந்த முடிச்சை எங்கள் தெருவில் வேறு யாருக்கும் போடத் தெரியாது. நான் போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், சர்க்கரைக்காகத்தான்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. எனக்கு அத்தை. கல்யாணமான வருஷம், எல்லாப் புதுப்பெண்களையும் போல ஆடி மாதத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆடி போனது, ஆவணி போனது, பொங்கல் வந்து போனது. அத்தை போகவில்லை.

காரணம் ஒரு தையல் மிஷின். சீராகக் கொடுத்த கால் மிஷின். அத்தைக்குத் தைப்பதென்றால் உயிர். புகுந்த வீட்டில் ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் மிஷினைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார் மாமியார். நாளைக்கு வந்துவிடும் என்றார் மாமா, அதாவது அத்தையின் கணவர். அந்த நாளைக்கு வரவேயில்லை. அத்தை தானே கடைத்தெருவில் விசாரித்தபோது, மிஷினை விற்று அந்த வீட்டுக் கூடத்துக்கு ஒரு ரேடியோ வாங்கியிருப்பது தெரிந்தது. கேட்டாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கிற அதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மிஷின் ரிப்பேரில் இருப்பதாகவே எல்லாரும் சொன்னார்கள்.

“வித்துட்டோம்னு சொல்லியிருந்தா அழுதுட்டு இருந்திருப்பேன் அண்ணி. இல்லேன்னு சொன்னாங்க பாருங்க” என்று அத்தை அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு அவளும் அப்பாவின் விரதத்தை எடுத்துக்கொண்டாள். ரத்தம்தானே.

எங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில், இரவல் வாங்கிய கை மிஷினை வைத்துத் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். சாம்பார் மணமும் புதுத்துணியின் கஞ்சி மணமும் கலந்து வரும். அவளுடைய நீலச் சாக்கட்டி, பித்தளை முனை வைத்த மர அளவுகோல், வெட்டுத்துணியை அடைத்த தலையணை உறை எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அளவுகோல் மட்டும் கிடைத்தால் இன்றைக்கும் திருடிக்கொள்வேன்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை. “அதுல ஒரு மிஷினு. அதுல நானு. வேற ஒண்ணும் வேணாம் அண்ணே.”

அப்பா அப்போது வைக்கோலுக்கு ஒரு கொட்டகை போட இருந்தார். வருகிற மூங்கிலில் பாதி உனக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய வாரம்தான் மாமாவிடமும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: ஆவணி பிறந்ததும் வாருங்கள், அனுப்பி வைக்கிறேன். இரண்டு வாக்குக்கும் நடுவில் பஞ்சாங்கம் மாட்டிக்கொண்டது. அது ஆனி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் புதிதாகக் கால் நட மாட்டார்கள், மாட்டுக் கொட்டகைக்குக்கூட. ஆனி முடிவதற்குள் கால் நட்டுக் கீற்று வேய்ந்துவிட்டால், மாமா வரும்போது அத்தை தன் இடத்தில் தன் வேலையில் உட்கார்ந்திருப்பாள். வரவில்லை என்று சொல்ல முடியும். முடியாவிட்டால் அண்ணன் வீட்டு மூலையில் இருக்கும் தங்கை. அண்ணன் அனுப்பினால் போக வேண்டியதுதான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். ஐந்தாம் வகுப்பு போய்க்கொண்டிருந்த எனக்கே தெரியும்.

மூங்கில் கடைக்கு அத்தை, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். கடை வைத்திருந்தவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். வாசனைப் பாக்கும் பச்சை மூங்கிலும் சேர்ந்து மணக்கும் மனிதர்.

“கரையான் வராதுல்ல பாய்?” என்றாள் அத்தை.

“மூங்கில்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க. கரையானுக்குப் பல்லு ஒடைஞ்சிரும். மத்த மரத்துக்கெல்லாம் மனுசன் மருந்து அடிக்கணும். மூங்கிலுக்கு ஆண்டவனே காவல் போட்டு அனுப்பியிருக்கான்.”

“அப்ப அந்த மூலையில சாத்தி வச்சிருக்கீங்களே, அடியில மாவு மாவாக் கொட்டிக் கெடக்கு?”

பாய் திரும்பிப் பார்த்தார். “அது போன வருசத்துச் சரக்கும்மா.”

“போன வருசம் காவலுக்கு லீவா?”

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சார், உங்க தங்கச்சியை நம்ம கடையில கல்லாவுல ஒக்கார வச்சிருங்க. ஒரு பய ஏமாத்த முடியாது.”

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “மூங்கில்ல இயற்கையாவே ஒரு கசப்பு இருக்கு, அதான் பூச்சி அண்டாது. நான் படிச்சிருக்கேன்” என்றார். எதையும் நம்பாத அப்பா, வாழ்நாளில் நம்பிய ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் தப்பு.

வண்டியில் மூங்கில் வந்து கொல்லையில் இறங்கியது. பச்சை மூங்கில், கணுவுக்குக் கணு வெள்ளைப் பொடி பூசினாற்போல. அடிப்பக்கத்துக் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கும். பட்டால் இரண்டு நாளைக்குச் சொறிய வேண்டியதுதான். அத்தை அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, தன் பங்கு மூங்கில் ஒவ்வொன்றின் அடியிலும் குறுக்குக் குறி ஒன்று வெட்டினாள்.

“எதுக்கு இது?” என்றார் அப்பா.

“ரெண்டு பங்கும் ஒண்ணா கெடக்குல்ல அண்ணே.”

“என் மேலயே சந்தேகமா?”

“உங்க தங்கச்சிதானே நானு.”

அந்த வாரம் தாராசுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். அப்பா மட்டும் வரவில்லை. வயிறு சரியில்லை என்றார். நான் சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலில் கல்யானைகளின் தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு தூணோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் முதல் கால் எந்த மூலையில் நடுவது என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டு அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா, “சன்னல் தெக்க பாத்து வையி, காத்து வரும்” என்றாள். நாத்தனாரும் அண்ணியும் அவ்வளவு சேர்க்கையாக இருந்து நான் பார்த்தது அதற்கப்புறம் வெகுநாள் இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பினோம். கொல்லையில் குவியல் பாதியாகியிருந்தது.

அப்பா எங்களுக்கு முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். “வயித்து வலின்னு உள்ள படுத்திருந்தேன். எந்தப் பயலோ வந்து தூக்கிட்டுப் போயிட்டான்!”

அத்தை குவியலிடம் போனாள். மிச்சமிருந்த மூங்கில்களின் அடியை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“குறி போட்டது மட்டும் போயிருக்கு.”

“அதனால?”

“வெளியாளுக்குக் குறி என்னத்துக்கு அண்ணே? அள்ளுறவன் ரெண்டையும் கலந்துதானே அள்ளுவான்.”

சொல்லிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். நாள் முழுக்க தன்னோடு தாராசுரத்தில் இருந்தவளைப் போய்ப் பார்த்தாள். யாரையாவது வைத்துச் செய்யச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வீட்டிலிருந்து நாத்தனார் போக வேண்டும் என்று எந்த அண்ணிதான் நினைக்க மாட்டாள்? சந்தேகத்துக்கு வழி தெரியும், ஆனால் எப்போதும் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும்.

அம்மாவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. கல்யாணப் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குள் போனவள், அன்றிலிருந்து அத்தையோடு பேசவில்லை. தேவையானதை என் மூலம் சொல்வாள். “சாப்பிட வரலாமான்னு உங்க அத்தையைக் கேளு.” அத்தை மூன்றடி தள்ளி நிற்பாள். “பசிக்கலேன்னு சொல்லு.” நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரராக நின்று, ஒட்டுவாயைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா இரண்டு கையையும் சொறிந்துகொண்டே இருந்தார். முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. உள்ளங்கையில் சிலாம்பு ஒன்று ஏறியிருந்ததை அம்மா ஊக்கால் நெம்பி எடுத்தாள். கதவுக் கட்டையில் குத்தியது என்றார்.

“என்னங்க இப்படித் தடிச்சிருக்கு? காலையில வச்ச எண்ணெய்க் கத்திரிக்கா ஒத்துக்கலையா?” என்றாள் அம்மா.

அப்பா ஒரு நொடி யோசித்தார். “ஆமா. கத்திரிக்காதான்.”

எண்ணெய்க் கத்திரிக்காய் என்றால் அப்பாவுக்கு எப்படி என்று சொல்ல வேண்டும். காம்போடு பிளந்து, உள்ளே மசாலா அடைத்து, நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கியதை, தட்டில் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்து சாப்பிடுவார். அன்றிலிருந்து தொடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது வைக்க வந்தால் இலை மேல் கையைக் கவிழ்த்து, “எனக்கு அரிக்கும்” என்பார்.

அடுத்த நாளே விசாரணை ஆரம்பித்தது. துப்பறியும் அதிகாரி அப்பா. உதவி அதிகாரி நான்.

முதலில் பாய். விற்றதை அவரே ஆள்விட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்றார் அப்பா. நான் கடைக்குப் போய்க் குறி போட்ட மூங்கில் இருக்கிறதா என்று பார்த்தேன். பாய் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இது கவனத்தைத் திருப்பும் வேலை என்று சந்தேகப்பட்டுக்கொண்டே தின்றேன். அடுத்து எதிர்வீட்டுக்காரர், வாசலில் புதுப்பந்தல் போட்டிருந்தார். பந்தல் காலைக் கட்டிக்கொண்டு சுற்றுவது போல விளையாடி ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துவிட்டு வந்தேன். சவுக்குக்கால். “சவுக்கு மாதிரி பெயிண்ட் அடிச்சிருப்பானோ?” என்றார் அப்பா. நான் மறுபடி போய்ச் சுரண்டிப் பார்த்தேன். அப்புறம் வண்டிக்காரர், பால்காரர், கடைசியில் தபால்காரர். சைக்கிளில் மூங்கிலை எப்படிக் கொண்டுபோவார் என்று நான் கேட்டேன். “அதைத்தான் யோசிக்கிறேன்” என்றார் அப்பா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

அவ்வளவு உழைத்தார். அவ்வளவு நேர்த்தியாக யோசித்தார். ஒரு தடவைகூட என் மேலதிகாரியைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

திருடன் அகப்படட்டும், அப்புறம் வேறு மூங்கில் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆனி முடிந்தது. ஆடி பிறந்தது. கால் நட முடியாது. அத்தை அடுப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கை மிஷினின் கிரீச்சென்ற சத்தம் முன்பைவிடக் கடுமையாகக் கேட்டது. மாமாவிடமிருந்து ஆவணியில் வருவதாகச் செய்தி வந்தது.

காவிரியில் தண்ணீர் வந்து வாய்க்கால் வழியாக எங்கள் கொல்லைக் குளமும் நிரம்பியிருந்தது. கொல்லையின் கடைசிச் சரிவு நேராகக் குளத்தில் இறங்கும். கரையோரம் முழுக்க வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கும். ஆடிப்பெருக்குக் கழிந்ததும் அங்கிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. அழுகின முட்டையும் பழைய கழனித் தண்ணீரும் சேர்ந்தாற்போல. காற்று திரும்பினால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆளுக்கொரு சந்தேகம். எதிர்வீட்டுக்காரர் எங்கள் சாணக்குழி என்றார். எங்கள் அப்பா எதிர்வீட்டுக்காரர் செத்த கோழியைப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத்தான் உண்மையான கவலை. ஒரு நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டார்.

“உங்க கரையிலேருந்துதாங்க வருது. எறங்கிப் பாத்துடறேன்.”

“அங்க எறங்காதீங்க” என்றார் அப்பா. “முள்ளு கெடக்கு. பாம்பும் இருக்கு.”

“பாம்புக்கு இந்த நாத்தத்துல என்னங்க வேலை? நாலு நாளா மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறக்குது.”

“நான் ஆள் வச்சுச் சுத்தம் பண்றேன். ஆவணி பொறக்கட்டும்.”

“ஆவணி பொறக்குறதுக்குள்ள என் மீனு செத்துரும் சார்!”

இறங்கிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் வெங்காயத்தாமரையை விலக்கிக்கொண்டே போனவர், காலில் எதையோ மிதித்து நின்றார். குனிந்து இழுத்தார். பச்சை நிறமெல்லாம் போய்ப் பழுப்பேறிப் பாசி பிடித்த ஒரு கட்டு மூங்கில் மெதுவாகத் தண்ணீருக்கு மேலே வந்தது. மேலே மிதக்காமலிருக்க அதோடு ஓர் உடைந்த ஆட்டுக்கல்லும் கட்டியிருந்தது. அடுப்படிச் சுவரோரம் கிடந்த எங்கள் ஆட்டுக்கல்தான்.

“திருட்டுப் பய, நம்ம ஆட்டுக்கல்லையும் தூக்கியிருக்கான்ப்பா!” என்று நான் கத்தினேன்.

கரைக்கு இழுத்துப் போட்ட கட்டைச் சுற்றி எல்லாரும் நின்றோம். கயிறு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. வளையம் உள்ளே மடித்துச் சொருகியிருந்தது. நுனி இடப்பக்கம்.

அம்மா பார்த்தாள், உடனே தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூளை மட்டும் வேகமாக ஓடியது. திருடன் அப்பாவின் முடிச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறான், எவ்வளவு கெட்டிக்காரன்! இதை வாய்விட்டும் சொன்னேன். மீன் குத்தகைக்காரர் திரும்பிக்கொண்டு இருமினார்.

அத்தை கட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுக்கவில்லை, அவிழ்க்கவுமில்லை. வழுவழுப்பாக இருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாகக் கட்டிலிருந்து உருவி எடுத்தாள். கடைசி மூங்கிலும் வந்த பிறகு கயிறு முடிச்சோடு வளையமாக அவள் கையில் நின்றது. அதைக் கழுவிக் கொடியில் காயப் போட்டாள். பிறகு அம்மாவிடம் போனாள்.

“அண்ணி, பசிக்குது.”

அம்மா தட்டைப் போட்டாள். அத்தோடு என் தபால் வேலை போயிற்று.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அத்தை கால் நட்டாள். நாற்றமடிக்கிற மூங்கில் வேண்டாம், வேறு வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா. இதுதான் வேண்டும் என்றாள் அத்தை. கொல்லை முழுக்கக் குளத்து வாடை. தெருப் பெண்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்து ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கீற்று வேய்ந்துகொண்டிருந்தபோதே மாமா தன் அண்ணனோடு வந்துவிட்டார். கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்காரவைத்து அம்மா காப்பி கொடுத்தாள். அத்தை கதவோரம் நின்றாள். கையில் அந்தக் கயிறு. கொட்டகைக்குக் கட்டுவதற்கு எடுத்து வந்தவள் போல, முடிச்சை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கெளம்பும்மா. நல்ல நேரம் போயிடும்” என்றார் மாமாவின் அண்ணன்.

“மிஷினு ரிப்பேரு முடிஞ்சுதா?” என்றாள் அத்தை.

மாமா காப்பியைப் பார்த்தார். “இன்னும்... கொஞ்சம் வேலை இருக்காம்.”

“முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க. வர்றேன்.”

மாமாவின் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சார் இது? அனுப்பி வைக்கிறேன்னு நீங்க வாக்குக் குடுத்தீங்க. நாலு பேரு கேட்டா என்ன சொல்றது? நீங்க சொல்லுங்க.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு பிரசங்கத்துக்குத் தயாராகிறார் என்று எனக்குத் தெரியும். குடும்ப மானம், பெரியவர்கள் வாக்கு என்று போகும். அத்தை குறுக்கே பேசவில்லை. கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஆமாண்ணே. நீங்களே சொல்லுங்க. நான் போகணுமா?”

அப்பா கயிற்றைப் பார்த்தார். கொல்லையில் கீற்றுக் கட்டுகிறவர்கள் பேசுவது கேட்டது.

“அது அவ இஷ்டங்க” என்றார் அப்பா. சொல்லிவிட்டு முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

அவ்வளவுதான். மாமா அதற்குப் பிறகு வரவில்லை. மிஷின் இன்றைக்கும் ரிப்பேரில்தான் இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கரையான் மருந்துக்காரர் பேச்சு எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அப்பாவின் வைக்கோல் கொட்டகை அதே வண்டியில் வந்த, குறி போடாத, குளம் பார்க்காத மூங்கிலில் கட்டியது. ஒரு வருஷம் ஆவதற்குள் கூரை வாரைகளிலிருந்து மஞ்சள் மாவு கொட்ட ஆரம்பித்தது. அடியில் கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறியது. மறு ஐப்பசி மழையில் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பத்தடி தள்ளி அத்தையின் கொட்டகை சிரித்துக்கொண்டு நின்றது.

அப்பா நேரே பாயிடம் போனார். “நல்ல மூங்கிலை அவளுக்கும் சொத்தையை எனக்கும் கலந்து குடுத்திருக்கீங்க.”

“ஒரே பொதர்ல வெட்டுனது சார், அல்லா மேல ஆணை. உங்க மண்ணு சரியில்ல.”

“அவளும் அதே மண்ணுலதான நட்டிருக்கா?”

“அப்ப அவங்க மூங்கிலுக்கு என்ன பண்ணாங்கன்னு கேட்டுட்டு வாங்க, எனக்கும் சொல்லுங்க. நான் விக்கிற மூங்கிலுக்கெல்லாம் அதையே பண்ணிடறேன்.”

அப்பா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கூடப் போன நான் அப்போதுதான், மிகத் தாமதமாக, அவர் முகத்தைப் பார்த்தேன். பாயின் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். சொன்னால் யார் செய்தது என்றும் சொல்ல வேண்டும். உதவி அதிகாரி பதவியிலிருந்து நான் அன்றைக்கு விலகிக்கொண்டேன்.

பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். எதையும் நம்பாதவர்களுக்குப் படிப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு ஏது? மூங்கிலுக்கு இயற்கையாக உள்ள எதிர்ப்பு சொற்பம். பச்சை மூங்கிலுக்குள் மாவும் சர்க்கரையும் நிறைந்திருக்கும்; வண்டும் கரையானும் அதற்காகத்தான் வரும். வாரக்கணக்காகத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அது கரைந்து வெளியேறிவிடும். குளத்து நாற்றம் அதுதான். அத்தையின் கொட்டகை எழும்பவே கூடாது என்று அப்பா செய்த காரியம், அதைத் தன் கொட்டகையைவிடப் பல மடங்கு ஆயுசோடு நிற்க வைத்துவிட்டது. முழுப் புண்ணியமும் அவருக்குத்தான். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள முடியாத புண்ணியம்.

ஆனால் இந்த விளக்கத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஊறவைப்பது வண்டைத் தடுக்கும் அளவுக்குக் கரையானைத் தடுக்காது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் மீதியை யார் தடுத்தது? அத்தை தினம் காலையில் மிஷினில் உட்காருவதற்கு முன் ஒவ்வொரு காலின் அடியிலும் உட்கார்ந்து பார்ப்பாள். மண்கோடு ஒன்று நூல்போலத் தெரிந்தாலும் விளக்குமாற்றுக் குச்சியால் கீறித் தள்ளுவாள், மிஷின் எண்ணெய் விடுவாள். உலகத்தில் ஒருவரையும் நம்பாத பெண் ஒருத்தி தினமும் குனிந்து பார்க்கிற இடத்தில் கரையானுக்கு என்ன வேலை?

பிறகு அதே இடத்தில் கொட்டகை ஓட்டு வீடானது, மிஷின்கள் பெருகின, தெருப் பெண்கள் சிலர் அங்கேயே வேலைக்கு வந்தார்கள். பழைய மூங்கிலில் ஒன்றை அத்தை உள்ளே கொடியில் துணி தூக்கிப் போடும் கழியாக வைத்துக்கொண்டாள். அதன் அடியில் குறுக்குக் குறி.

அப்பா ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, மதியச் சாப்பாடு அத்தை வீட்டில்தான். விடுமுறைக்குப் போயிருந்த நானும் ஒரு நாள் கூட உட்கார்ந்தேன். அத்தை சாதம் வைத்தாள், குழம்பு ஊற்றினாள். பிறகு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அப்பா இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கப் போனாள். காம்போடு பிளந்தது, எண்ணெய் மினுங்கியது. அப்பா வழக்கம்போல இலை மேல் கையைக் கவிழ்த்தார்.

“எனக்கு அரிக்கும்.”

“கையை எடுங்கண்ணே” என்றாள் அத்தை. “மூங்கிலு நல்லா ஊறிடுச்சு. சுணையெல்லாம் எப்பவோ போயிடுச்சு.”

அப்பா அவளைப் பார்த்தார். கொடியோரம் நின்ற கழியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை மெதுவாக எடுத்தார். அத்தை இரண்டு வைத்தாள். அப்பா கடைசிவரை ஒதுக்கி வைக்கவில்லை. முதலில் அதைத்தான் தின்றார்.

“இன்னொண்ணு வையி” என்றார்.

சாயங்காலம் வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடச் சொறியவில்லை.